ஷோபோட் ஓடையில் கை வைக்காத தியோஃபில்

தியோஃபில் பொகீஷைப் பற்றி எங்கள் ஊரில் யார் பேச்செடுத்தாலும் முதலில் வருவது அவன் சிலுவையைக் கழுவவைத்த கதைதான். ஜனவரியில் தண்ணீரை ஆசீர்வதிக்கும் திருநாளன்று பாதிரியார் ஷோபோட் ஓடைக்கு வந்து சிலுவையை மூன்று முறை முக்கி எடுப்பார். அந்த வருஷம் தியோஃபில் ஒரு வாளி மருந்துத் தண்ணீரோடு பாதையை மறித்து நின்றான். பாதிரியார் பூட்ஸை முக்கினார். அவரோடு வந்த கோயில் பாட்டுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே முக்கினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். அவன் சிலுவையைக் காட்டி, காலையில் இதை எந்தத் தண்ணீரில் முக்கினீர்கள் என்று கேட்டான். பக்கத்து ஊர் ஆற்றில் என்றார் அவர். இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான்.

"அப்ப இதையும் வாளியில முக்குங்க, சாமி."

"இது உலகத்துப் பாவத்தைப் போக்குறதுப்பா."

"பாவம் போகும், சாமி. பூஞ்சை போகாது."

பாதிரியார் முக்கினார். பனியில் நின்ற நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். நான் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தன். அன்று நடந்ததை எந்தக் கோப்பிலும் சேர்க்கவில்லை, ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது முன்னைப்போலச் சிரிப்பு வருவதில்லை.

அவன் காவல் காத்தது ஓடைச் சிங்கியை. விரல் நீளம்தான் இருக்கும். நண்டின் கொடுக்கு, இறாலின் வால், ஓடைக் கல்லின் நிறம். பகலெல்லாம் கல்லுக்கு அடியிலேயே கிடக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து, உதிர்ந்து ஊறிய பீச் மர இலைகளைக் கொறிக்கும். நிழலும் குளிரும் தெளிந்த நீரும் இருந்தால் போதும், வேறெதுவும் கேட்காது. இந்த மூன்றும் எங்கள் மலையில் யாரும் உழைக்காமலே கிடைப்பவை. அதனால் சிங்கிக்கும் நாங்கள் மரியாதை எதுவும் வைத்திருக்கவில்லை. சிறு வயதில் நானும் தியோஃபிலும் கிளிகோரும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, பழைய தகர டப்பாவில் அவற்றை வேகவைத்துத் தின்றிருக்கிறோம்.

பத்து வருஷத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒடிலியா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். சிங்கிகளின் கால் நுனியைக் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் குப்பிகளில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, இது புத்தகங்களில் எழுதியிருக்கும் இனமே இல்லை, தனி இனம், இந்த மலைப்பக்கத்து ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்றாள். சாராயக் கடையில் அதைக் கேட்ட கிளிகோர், "அப்ப நாம அஞ்சாம் வகுப்புலயே ராஜா சாப்பாடு சாப்பிட்டிருக்கோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தியோஃபில் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அதுவரை சாலை போடும் கும்பலில் தார் கிளறிக்கொண்டிருந்தவன். யாரும் எதையும் அவன் பொறுப்பில் விட்டதில்லை. அந்தப் பெண்ணோ உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை அவன் வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஓடை பாதுகாக்கப்பட்ட இடமானது. தியோஃபில் காவலனானான். ஒரு தொப்பி, பச்சை நிறத்தில் ஒரு கையில்லாச் சட்டை, ஒரு குறிப்பேடு. மாதா மாதம் எத்தனை கல்லைத் தூக்கினான், எத்தனை சிங்கியைப் பார்த்தான் என்று எழுதிக் கொண்டுவருவான். நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். வெளியூர்க்காரர்கள் ஓடையில் கால் வைக்குமுன் பூட்ஸைக் கழுவியாக வேண்டும். வேற்று ஆறுகளில் சிங்கிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது, அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் என்று ஒடிலியா சொல்லியிருந்தாள். தூக்கிய கல்லை யாராவது புரட்டிப் போட்டுவிட்டால் தியோஃபில் கரையிலிருந்தே கத்துவான்: "உன் வீட்டுக் கூரையைத் தூக்கித் தலைகீழா வச்சுட்டுப் போனா உனக்கு எப்படிடா இருக்கும்?"

கிளிகோர் இதற்கு எதிர்ப்பக்கம். அவனுக்கு ஓடையின் கீழ்ப்பகுதியில் ஒரு ட்ரௌட் மீன் குளம். சுற்றுலாக்காரர்களுக்கு மீன் பொரித்துக் கொடுப்பான். ஓடை நீர்தான் குளத்துக்குள் போய் வெளியே வரும். கோடையில் நண்பர்கள் வந்தால் பழைய பழக்கத்தில் ஒரு வாளிச் சிங்கியும் பிடிப்பான். இரண்டு முறை தியோஃபில் கையும் களவுமாகப் பிடித்தான். முதல் முறை, துணி துவைக்க வந்தேன் என்றான் கிளிகோர். வாளியில் துணி இல்லை. இரண்டாம் முறை அபராதம் விழுந்தது. அந்தச் சீட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. ஒரே வகுப்பில் படித்த மூன்று பேர் ஒருவரையொருவர் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வது அரசாங்கத்தின் பெரிய சாதனை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் பிப்ரவரியில் தியோஃபிலின் மாமனார் லசார் இறந்தார். நல்ல சாவு, எண்பத்தொன்பது வயது. நாற்பதாம் நாள் விருந்து பெரிய நோன்புக் காலத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. இறந்தவருக்குப் பிடித்த பண்டத்தைச் சமைத்து, தட்டோடும் மெழுகுவர்த்தியோடும் பிறர் கையில் கொடுத்தால்தான் அது மறுஉலகத்தில் அவருக்குப் போய்ச் சேரும். லசாருக்குப் பிடித்தது சிங்கி. நோன்பில் இறைச்சி, பால், முட்டை, மீன் எதுவும் ஆகாது. ஆனால் சிங்கி ஆகும். ரத்தமில்லாத உயிர் நோன்பைக் கெடுக்காது என்பது எங்கள் சபையின் தீர்ப்பு. சிங்கியின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தியோஃபிலின் மனைவி சவேதா கனவு கண்டாள். அவள் அப்பா ஒரு நீண்ட மேசையின் கோடியில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் சாப்பிடுகிறார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, தட்டைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். எங்கள் ஊரில் அப்படி ஒரு கனவு வந்த பிறகு சும்மா இருக்கிற வீடு கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் ஓடை. அதில் சிங்கிகள் கல்லுக்குக் கல் கிடக்கின்றன. ஓடைக் காவலனே அந்த வீட்டு எஜமானன். எங்களில் வேறு யாராக இருந்தாலும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கியிருப்போம். இறந்த மனுஷருக்காக என்று சொன்னால் ஒடிலியாவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். தியோஃபில் இறங்கவில்லை. பேருந்து ஏறிச் சமவெளிச் சந்தைக்குப் போனான். அங்கே பெரிய ஆற்றில் பிடித்த சிங்கி கிலோக் கணக்கில் சட்டப்படி விற்கிறது. உயிரோடு நாற்பது வாங்கினான். ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டான். விற்ற பெண் அவனை ஒரு மாதிரி பார்த்தாளாம்.

சமவெளிச் சிங்கியில் ஒரு குறை, சேற்று வாடை. அந்த வாடை போக, சமைக்கும் முன் ஓடும் தெளிந்த நீரில் ஓர் இரவாவது வைக்க வேண்டும். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த சமாசாரம் இது. கீழேயிருந்து வாங்கி வரும் கெண்டை மீனையும் எங்கள் ஊரில் அப்படித்தான் வைப்போம். தியோஃபில் வில்லோக் குச்சியில் பின்னிய, மூடி போட்ட கூடையில் அந்த நாற்பதையும் போட்டான். வியாழக்கிழமை மத்தியானம் ஓடைக்குப் போனான். முதலில் தன் பூட்ஸை மருந்து வாளியில் முக்கிக் கழுவினான். பிறகு கூடையோடு தண்ணீரில் இறங்கி, ஆல்டர் மர வேரில் அதைக் கட்டினான்.

இந்த இடத்தை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவன் முட்டாள் இல்லை. நோயைப் பற்றி ஊரில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவன். ஆனால் அவன் மனதில் நோய் பூட்ஸில் வரும், வெளியூர்க்காரனோடு வரும். கூடையில் இருந்தது சிங்கியே இல்லை, மாமனாரின் சாப்பாடு. சாப்பாட்டுக்கு நோய் வருமா? சனிக்கிழமை காலை எடுத்து எண்ணினான். நாற்பதும் இருந்தன. ஒன்றுகூடத் தப்பி ஓடைக்குள் போகவில்லை என்று சவேதாவிடம் பெருமையாகச் சொன்னான்.

விருந்து நன்றாக இருந்தது. சவேதா சிங்கிகளைப் பூண்டும் வெந்தயக்கீரையும் போட்டு வேகவைத்திருந்தாள். சர்க்கரை தூவிய கோதுமை, காளான் அடைத்த முட்டைக்கோஸ், பீன்ஸ், இதற்கெல்லாம் நடுவில் சிவப்பாக அந்தத் தட்டு. லசாருக்காகத் தரையில் கொஞ்சம் சாராயம் ஊற்றிவிட்டு, எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிக்கொண்டோம். சேற்று வாடையே இல்லை, ஷோபோட் தண்ணீருடைய மகிமை என்று நானே சொன்னேன். எனக்கு மூன்று கிடைத்தது. பாதிரியார் ஐந்து சாப்பிட்டார். கிளிகோரைக் கூப்பிடவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை தியோஃபில் அலுவலகத்துக்கு ஓடிவந்தான். தொப்பியைக் காணோம். பட்டப்பகலில் ஒரு சிங்கி ஓடை நடுவில் நடக்கிறது என்றான். அதற்கென்ன என்றேன். அவன் கையை மேசைமேல் ஊன்றி, விரல் நுனிகளால் நடந்து காட்டினான், பொய்க்காலில் நடப்பவன்போல விறைப்பாக. பிறகு கையைப் புரட்டி மல்லாக்கப் போட்டான். அந்த வாரக் கடைசியில் கரையோரமெல்லாம் மல்லாந்து கிடந்தன. பெண் சிங்கிகள் வால் மடிப்பில் முட்டைகளோடு கிடந்தன. அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினான். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியதை நான் தட்டச்சு செய்தேன். அதற்குமேல் அவன் கொண்டுவரவில்லை.

ஒடிலியா வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பூஞ்சைதான் என்று பதில் வந்தது. ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தியோஃபில் முன்வரிசையில், செத்தவற்றின் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்காரனைப்போல உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து யாராவது ஓடையில் எதையாவது விட்டீர்களா என்று ஒடிலியா கேட்டாள். எல்லாத் தலையும் கிளிகோர் பக்கம் திரும்பியது. முந்தின இலையுதிர் காலத்தில்தான் அவன் வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் மீன்குஞ்சு கொண்டுவந்திருந்தான்.

"என்னங்கடா என்னையே பாக்குறீங்க?" என்றான் கிளிகோர். "நான் சிங்கி திங்கிறவன். என் சோத்துல நானே விஷம் வைப்பேனா?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அவனுக்கு உதவவில்லை. ஒடிலியா பொறுமையாக விளக்கினாள். லாரித் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஆனால் முக்கியமாக, பெரிய ஆறுகளில் இப்போது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிங்கி பெருகிக் கிடக்கிறது. அது நோயைச் சுமக்கும், தனக்கு ஒன்றும் ஆகாது. கொடுக்கு நுனி ஆரஞ்சு நிறமாக இருக்கும், அதன் கீழே கறுப்பு வளையம். அப்படி ஒன்று ஓடைக்குள் வந்து வாழ வேண்டுமென்றுகூட இல்லை. அது கிடந்த தண்ணீர் ஓடையில் கலந்தாலே போதும்.

நான் தியோஃபிலின் கழுத்தைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்லச் சிவந்தது, பிறகு வெளுத்தது. மடியிலிருந்த தாள்கள் சரிந்து விழுந்தன. அவன் குனிந்து எடுக்கவில்லை.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த விருந்தில் முப்பது பேர் இருந்தோம். ஆரஞ்சு நுனியைப் பிய்த்து உறிஞ்சியது எங்கள் வாய்தான். கூடை ஓடையில் கிடந்ததும் பாதிப் பேருக்குத் தெரியும், வாடையில்லை என்று பாராட்டியவன் நான். அந்தக் கூடத்தில் முப்பது பேரும் சேர்ந்தாற்போலக் கிளிகோரின் லாரியை நினைத்துக்கொண்டோம். குளத்தை வடித்துச் சுண்ணாம்பு போட வேண்டும், மீன்களை அழிக்க வேண்டும் என்று கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி சொன்னார். பதினோரு நாள் தவணை. அந்த உத்தரவையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பிழை ஒன்றுகூட விழவில்லை.

அந்தப் பதினோரு நாளும் தியோஃபில் ஓடைப் பக்கம் போகவில்லை. பாவமன்னிப்புக்குப் போனான். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது பாதிரியாரின் முகம்தான் அதிகம் சிவந்திருந்தது. ஐந்து சாப்பிட்டவர் அல்லவா. மன்னிப்புக் கிடைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு தியோஃபிலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குளம் வடியும் நாளுக்கு முந்தின மாலை வீட்டில் நடந்ததைச் சவேதாதான் பிறகு என்னிடம் சொன்னாள். கூடை பரணில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இதை அடுப்புல போட்டுடவா?"

அவன் கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டான். பிறகு, "வேண்டாம்" என்றான்.

"அப்ப எடுத்துட்டுப் போங்க. ரெண்டுல ஒண்ணு செய்யணும். நடுவுல உக்காந்துக்கிட்டு ரொட்டியைப் பிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா எப்படி?"

காலையில் குளக்கரையில் அதிகாரி, ஒடிலியா, நான், வேடிக்கை பார்க்க ஊரில் பாதி. மதகில் நான்கு பலகை. இரண்டைத் தூக்கியாகிவிட்டது. தண்ணீர் இறங்க, மீன்கள் முதுகு தெரியத் துள்ளின. கிளிகோர் கரையில் குந்தி உட்கார்ந்து, மதகைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தியோஃபில் தொப்பியும் சட்டையும் போட்டுக்கொண்டு, கையில் கூடையோடு வந்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் ஒடிலியா முன் நின்றான். பின்னலுக்குள் விரலை விட்டு, சிக்கிக் காய்ந்திருந்த ஒரு கொடுக்குத் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். நுனி ஆரஞ்சு, கீழே கறுப்பு வளையம்.

"மார்ச்ல ரெண்டு நாள் இந்தக் கூடை ஓடையில கிடந்துச்சு, டாக்டரம்மா. கட்டினது நான்."

ஒடிலியா அந்தத் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்களா, ஐயா?" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

அதிகாரி பலகைகளைத் திரும்பப் போடச் சொன்னார். கிளிகோர் எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்று நான் நினைத்தேன், தியோஃபிலும் நினைத்திருப்பான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மாமனாருக்கா?" என்று கேட்டான் கிளிகோர்.

தியோஃபில் தலையாட்டினான்.

"எத்தனை?"

"நாற்பது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு மணி நேரத்துல நம்ம ஓடையிலேயே நாற்பது பிடிச்சு உன் வாசல்ல வச்சுட்டுப் போயிருப்பேனேடா. உனக்கும் தெரியாது, அதுங்களுக்கும் தெரியாது. மிச்சம் ஆயிரம் இன்னிக்கு உசுரோட இருந்திருக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "நீ நல்லவனா இருந்ததுக்கு எங்களால தாக்குப்பிடிக்க முடியலடா, தியோஃபில்."

யாரும் சிரிக்கவில்லை. தியோஃபில் தொப்பியையும் சட்டையையும் என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். நான் அவற்றை மேசை இழுப்பறையில் வைத்தேன். விருந்தில் இருந்த மற்ற இருபத்தொன்பது பேரும் அன்று சாயங்காலம் கடையில் அவனைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார்கள். நான் கண்டிக்கவில்லை. மறுக்கவுமில்லை. எழுத்தனின் வழக்கம் அது.

செப்டம்பரில் ஒடிலியா திரும்பி வந்தாள். ஓடையின் மேல்கோடியில், மூன்று ஆள் உயர அருவிக்கு அப்பால் ஒரு சிறு பகுதி இருக்கிறது. நோயுற்ற சிங்கிகளால் அருவியில் ஏறிப்போக முடியாது, அங்கே சில தப்பியிருக்கலாம் என்றாள். தியோஃபிலைக் கூப்பிட்டாள். அவன் வாசலிலேயே நின்று, நான் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன், மன்னிக்கணும் என்றான். எந்தக் கல்லின் கீழ் சிங்கி இருக்கும் என்று ஊரில் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. இழுப்பறையைத் திறந்து தொப்பியை எடுத்துக் கிளிகோரிடம் கொடுத்தேன். அவனுக்கு அது சிறியது. மருந்து வாளியில் பூட்ஸை இரண்டு முறை முக்கினான். அன்று பதினேழு சிங்கி பார்த்தார்கள். தூக்கிய கற்களையெல்லாம் அவன் முன்பு இருந்தபடியே வைத்தான் என்று ஒடிலியா சொன்னாள். எண்ணிக்கையை எழுதிக் கொண்டுவந்தவன் கிளிகோர், தட்டச்சு செய்தவன் நான். அதன் நகல் ஒன்றை தியோஃபில் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் மறுநாள் பார்த்தபோது தாள் உள்ளே போயிருந்தது.

இந்த வருஷம் லசாரின் ஆண்டு நினைவு விருந்து. மறுபடியும் நோன்புக் காலம். சிங்கி இல்லை. சவேதாவுக்குக் கனவு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. முந்தின முறை வந்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வெட்கம் அவனுடையதுபோலவும் அவர்கள் அதைத் தொட்டுவிடக் கூடாதென்பதுபோலவும் வேறு வேலை வைத்துக்கொண்டார்கள். கிளிகோரை இந்த முறை அழைத்திருந்தார்கள். அவன் மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தான்.

தட்டுக் கொடுக்கும் நேரம் வந்தது. தியோஃபில் பீன்ஸும் ரொட்டியும் வைத்த முதல் தட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி, எல்லோரையும் தாண்டி நடந்து, கிளிகோர் முன் நின்றான். தலை குனிந்திருந்தது. பல மாதமாகவே அது அப்படித்தான்.

"லசாரோட ஆத்துமாவுக்கு" என்றான்.

கிளிகோர் தட்டை உடனே வாங்கவில்லை. மெழுகு உருகித் தியோஃபிலின் விரலில் சொட்டியது. அவன் அசையவில்லை.

"லசாருக்கு மட்டுந்தானா?"

தியோஃபில் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினான். "ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு" என்றான். "அதுக்கு மேல நான் எண்ணலடா. எண்ணாததையும் சேத்துக்கோ."

பாதிரியார் ஜன்னல் வழியாக வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். சிங்கிகளுக்கு ஆத்துமா உண்டா என்பது பற்றிச் சபைக்கு ஒரு கருத்து இருக்கும், அன்று அவர் அதைச் சொல்லவில்லை. கிளிகோர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான். "கடவுள் ஏத்துக்கட்டும்" என்று, சொல்ல வேண்டியதைச் சொன்னான். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் ஒரு ஆளுக்கு இடம் விட்டான்.

தியோஃபில் உட்கார்ந்தான். இருவரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டார்கள். சவேதா எனக்கும் ஒரு தட்டுக் கொண்டுவந்தாள். வாங்கினேன். வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.